பழைய படிவமும் புதிய செய்தியும்



கல்லூரியில் சேர வந்த நாளில் நீங்கள் அனைவரும் அச்சிட்ட விண்ணப்பம் ஒன்றை நிரப்பியிருப்பீர்கள். பெயர், பிறந்த தேதி, தந்தையார் பெயர், படித்த பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்திருக்கும். அக்கட்டங்களுள் அடங்காத செய்தி ஏதேனும் உங்களிடம் இருந்தால் என்ன செய்தீர்கள்? ஓரத்து வெள்ளையிடத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பீர்கள். அன்றி, உங்களுக்குப் பயன்படாத கட்டம் ஒன்றில் அதைப் புகுத்தியிருப்பீர்கள். அலுவலகத்தார் அதனைப் படித்துப் பொருள் தெரிந்துகொண்டிருப்பர். மனிதருக்கு மனிதர் எழுதும் வரையில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. படிப்பது இயந்திரமாக இருந்தால் என்ன ஆகும்? படிவத்தையே புதிதாக அச்சிட வேண்டுமா, அல்லது பழைய படிவத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு காலம் கடத்தலாமா? உலகத்தின் பெரிய பங்குச் சந்தைகளில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1992ஆம் ஆண்டுக்கு முன்னர், அமெரிக்காவில் பெரும் பணநிதிகளை நிர்வகிப்போர் பங்குகளை வாங்கவோ விற்கவோ விரும்பினால், தரகு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுவதே வழக்கம். சொன்ன செய்தி சில வேளைகளில் உரியவரைச் சேராது. சேர்ந்தாலும் எண்ணிக்கை மாறி விழுந்திருக்கும். அந்த ஆண்டில் பிடெலிட்டி என்னும் நிதி நிறுவனமும், சாலமன் பிரதர்ஸ் என்னும் தரகு நிலையமும் தம்முள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஒருவர் கணிப்பொறி மற்றவர் கணிப்பொறிக்கு நேரே செய்தி அனுப்ப வேண்டும். அதற்கு இருவருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்பதே அவ்வேற்பாடு. பாப் லாமரூ, கிறிஸ் மார்ஸ்டாட் என்னும் இருவர் அதனை வகுத்தனர். பைனான்ஷியல் இன்பர்மேஷன் எக்ஸ்சேஞ்ச் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஃபிக்ஸ்’ என்று பெயரிட்டனர். இருவர் பேசத் தொடங்கிய அம்மொழியை இன்று உலகின் பெரிய சந்தைகள் பலவும் பேசுகின்றன.

அம்மொழியின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு செய்தியும் எண்களாலும் அவற்றுக்குரிய மதிப்புகளாலும் ஆனது. 55 என்னும் குறியெண்ணுக்கு எதிரே எந்தப் பங்கு என்பது வரும். 54க்கு எதிரே 1 என்றிருந்தால் வாங்குக. 2 என்றிருந்தால் விற்க. 38 எத்தனை பங்குகள் என்பதைச் சொல்லும்; 44 விலையைச் சொல்லும். 35க்கு எதிரே ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அச்செய்தி ஒரு புதிய ஆணை என்று பொருள். செய்தியின் தலைப்பில் 8 என்னும் குறியெண் நிற்கும். இச்செய்தி ஃபிக்ஸ் மொழியின் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பதை அது அறிவிக்கும். இறுதியில் 10 என்னும் குறியெண் நிற்கும். அதற்கு முன்னுள்ள எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கணிப்பொறியில் உரிய எண் ஒன்று உண்டு; அவ்வெண்களையெல்லாம் கூட்டி, 256ஆல் வகுத்து, வரும் மீதியை மூன்று இலக்கங்களில் அங்கே எழுதுவர். பெறுபவர் கணிப்பொறி தானும் கூட்டிப் பார்க்கும். மீதி ஒத்து வரவில்லையெனில் வழியில் ஏதோ சிதைந்துவிட்டது என்று அறிந்து அச்செய்தியை ஒதுக்கிவிடும். கணக்கில் விருப்பமுள்ள மாணவர் காகிதத்தில் ஒரு செய்தியை எழுதி இதைத் தாமே கூட்டிப் பார்க்கலாம்.

மொழி பரவப் பரவ அதற்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. 2000ஆம் ஆண்டில் 4.2 என்னும் பதிப்பு வெளிவந்தது, 2001இல் 4.3, 2003இல் 4.4, 2006இல் 5.0. புதிய பதிப்பு வெளிவந்தவுடன் பழையதை அனைவரும் கைவிட்டிருப்பர் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. 2000ஆம் ஆண்டின் 4.2ஐயும் 2003ஆம் ஆண்டின் 4.4ஐயும் பேசும் இணைப்புகள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒரு தரகு நிலையத்துக்கு 200 வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருடனும் ஓர் இணைப்பு. நிலையத்தார் புதிய பதிப்புக்கு மாறினால், அந்த 200 பேரும் மாற வேண்டும். அல்லது நிலையம் இரண்டு பதிப்புகளையும் ஒரே சமயத்தில் பேச வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் சந்தை இல்லாத வேளையில், இரு தரப்பினரும் உடனிருந்து, ஆணை இடுவது, திருத்துவது, நீக்குவது என ஒவ்வொரு வகைச் செய்தியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரோ, “இப்போது எனக்கு ஒரு குறையும் இல்லையே! உமது வசதிக்காக நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானதே. தன் வீட்டுச் சுவருக்கு வேறு சுண்ணம் பூசுவது வீட்டுக்காரர் விருப்பம். இரண்டு வீட்டாருக்கும் பொதுவான சுவரில் ஒருவர் தம் விருப்பப்படி கை வைக்க இயலாது. மொழி என்பது எப்போதும் பொதுச் சுவரே.

5.0ஐ வகுத்தவர்கள் இந்தச் சங்கடத்தை நன்கு உணர்ந்திருந்தனர். செய்தியை ஏற்றிச் செல்லும் முறையை ஒன்றாகவும், செய்தியின் உள்ளடக்கத்தை மற்றொன்றாகவும் அவர்கள் பிரித்துவிட்டனர். ஒரே இணைப்பில் ஒரு செய்தி ஒரு பதிப்பிலும் அடுத்த செய்தி வேறொரு பதிப்பிலும் செல்லலாம். எது எந்தப் பதிப்பு என்பதை 1128 என்னும் குறியெண் சொல்லும். இனிமேல் பதிப்பு மாறுவது எளிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயின் அந்த எளிய வாயிலை அடைவதற்கே முதலில் பழைய மதிலை இடிக்க வேண்டியிருந்தது! ஆகவே பலர் மதிலுக்கு இப்புறமே நின்றுவிட்டனர். மாறியவர்கள் பெரும்பாலும் வேறு காரணத்தால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியவர்களே. லண்டன் பங்குச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையைச் சேர்ந்த மிலெனியம் ஐ.டி. என்னும் நிறுவனத்தை அது 2009இல் விலைக்கு வாங்கியது. அந்நிறுவனம் உருவாக்கிய இயந்திர அமைப்புக்கு 2011 பிப்ரவரியில் தன் பங்கு வணிகத்தை மாற்றியது. அந்த அமைப்பின் ஃபிக்ஸ் வாயிலில் 5.0இன் முறையே கைக்கொள்ளப்பட்டது. வீட்டையே புதிதாகக் கட்டுகிறவர் பழைய சாக்கடைக் குழாயையா மீண்டும் பதிப்பார்?

சரி, மாறாமல் நின்றவர்கள் என்ன செய்தனர்? அவர்களுக்கும் புதிய செய்திகள் சொல்ல வேண்டியிருந்ததே! ஃபிக்ஸ் மொழியிலேயே அதற்கு ஓரத்து வெள்ளையிடம் ஒன்று விடப்பட்டிருந்தது. 5000 முதல் 9999 வரையுள்ள குறியெண்களை அவரவர் தம் தேவைக்கு எடுத்தாளலாம் என்பது விதி. அவ்வெண்கள் போதாமற்போகவே, இரு தரப்பினர் தம்முள் பேசி முடிவு செய்துகொள்ளும் எண்களாக 20000 முதல் 39999 வரையிலும் பின்னர் ஒதுக்கப்பட்டன.

இந்தச் சுதந்திரத்தின் விளைவு சுவையானது. ஒரு பெரிய ஆணையை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும் கணிப்பொறி முறைகளைத் தரகு நிலையங்கள் தம் வாடிக்கையாளருக்கு அளிக்கத் தொடங்கின. இவற்றை அல்காரிதம் என்பர். எந்நேரத்தில் தொடங்குவது, எந்நேரத்தில் முடிப்பது, சந்தையின் மொத்த வணிகத்தில் எத்தனை பங்கு அளவுக்கு மேற்படக் கூடாது என்பன போன்ற விவரங்களை வாடிக்கையாளர் ஆணையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையமும் இவ்விவரங்களுக்குத் தனக்குத் தோன்றிய எண்ணை வைத்தது. ஒரு நிலையத்தில் தொடக்க நேரத்தைக் குறித்த எண், மற்றொரு நிலையத்தில் முற்றிலும் வேறொன்றைக் குறித்தது. இருபது தரகர்களோடு பழகும் வாடிக்கையாளர் இருபது அகராதிகளை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அகராதிகளை இயந்திரமே படித்துக்கொள்ளத்தக்க வடிவில் எழுதுவதற்கென்று ‘ஃபிக்ஸ் ஏ.டி.டி.எல்.’ என்ற தனி முறையொன்றையே பின்னர் வகுக்க நேர்ந்தது. மொழிக்கு உரை, உரைக்கு உரை என்று நம் புலவர்கள் எழுதியது போலத்தான் இதுவும்!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனிச் சொல் ஆக்கிக்கொண்டவர்கள் எவரும் தவறு செய்துவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த நாளில் அதுவே மிகக் குறைந்த செலவு. செலவு முழுவதும் மூன்றாமவர் தலையில் விழுந்தது. அந்த மூன்றாமவர் ஒப்பந்தம் நடந்த அறையில் இல்லை.

இதைவிடச் செம்மையான வேறு வழி ஒன்றிருக்கிறது. பழைய பதிப்பில் நின்றுகொண்டே, தேவைப்படும் ஒரு சொல்லை மட்டும் புதிய பதிப்பிலிருந்து அதன் எண்ணும் பொருளும் மாறாமல் கடனாக எடுத்துக்கொள்ளுவது. ஐரோப்பாவில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ‘மிஃபிட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தின் இரண்டாம் வடிவம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆணையை இடுவது என்று தீர்மானித்தவர் யார், அதை நிறைவேற்றியவர் யார், அவர் மனிதரா அல்லது அல்காரிதமா என்பனவற்றையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்றது அச்சட்டம். 2000ஆம் ஆண்டின் படிவத்தில் இதற்குக் கட்டம் ஏது? குறித்த நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அனைவரையும் அந்நாளுக்குள் புதிய பதிப்புக்கு மாற்றுவது இயலாத காரியம்.

ஃபிக்ஸ் மொழியைப் பேணும் அமைப்பினர் அப்போது அறிவுடன் நடந்துகொண்டனர் என்பது என் கருத்து. தேவையான சொற்களைப் புதிய பதிப்பின் விரிவாக முறைப்படி வகுத்தனர். 4.2இலும் 4.4இலும் நிற்பவர்கள் தத்தமக்குத் தனி எண்களை ஆக்கிக்கொள்ளாமல், இதே எண்களைப் பழைய செய்தியில் இட்டு வழங்குக என்று பரிந்துரைத்தனர். 2376 என்னும் குறியெண்ணுக்கு எதிரே 22 என்றிருந்தால் அல்காரிதம், 24 என்றிருந்தால் மனிதர். இது எந்தப் பதிப்பின் செய்தியில் வந்தாலும் இதே பொருள். நாளை அந்த நிலையம் புதிய பதிப்புக்கு மாறினாலும் இந்தச் சொற்களை மாற்ற வேண்டியதில்லை. உரிய கட்டத்தில் அவை முன்னமே அமர்ந்துவிட்டன.

கடன் வாங்குவதிலும் தொல்லை இல்லாமலில்லை. கண்டிப்பான நிரல் ஒன்று, தன் பதிப்பில் இல்லாத எண்ணைக் கண்டவுடன் செய்தியையே மறுத்துத் திருப்பிவிடும். ஆகவே இதற்கும் எதிர்த்தரப்பினரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நேரம் எழுதும் முறை மற்றொரு தொல்லை. 4.2இல் நேரத்தை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் எழுதுவர். அது 21 எழுத்துகளில் அடங்கிவிடும். மிகு வேக வணிகர் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை குறிக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி கூறியது. குறியெண் பழையதே, மதிப்பு மட்டும் மூன்று இலக்கம் நீண்டது. 21 எழுத்துகளுக்கு மேல் வாராது என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அதைக் கண்டு திகைக்கும் அல்லவா?

இனி, எக்காரணத்தாலும் செய்யத்தகாத ஒன்றைச் சொல்லுகிறேன். அதற்கு முன் ஒரு சிறு கதை. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பண்டகசாலையில் அச்சிட்ட பேரேடு ஒன்று இருந்தது. அதில் மண்ணெண்ணெய்க்கு ஒரு பத்தி. மண்ணெண்ணெய் வழங்குவதை நிறுத்தியபின் அந்தப் பத்தி வீணாகக் கிடப்பானேன் என்று எழுத்தர் அதில் சாக்குகளின் எண்ணிக்கையை எழுதி வந்தார். அவருக்கு அது தெரியும், உடனிருந்தோர்க்கும் தெரியும். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் ஆண்டு முடிவில் பத்தியைக் கூட்டி, இத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் எங்கே போயிற்று என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனிதர் ஒரு வாரம் உறங்கவில்லை.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க்கில் இதே கதை பெரும் பொருளழிவோடு நடந்தது. நைட் கேப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்கு வணிகத்தில் மிகப் பெரிய தரகு நிலையங்களுள் ஒன்று. அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் சில்லறை முதலீட்டாளருக்கான புதிய ஏற்பாடொன்று தொடங்க இருந்தது. அதற்கேற்ற புதிய நிரலை எழுதியபோது, தம் உள் அமைப்பின் ஆணைகளில் பழைய அடையாளக் குறி ஒன்றைப் புதிய பொருளில் எடுத்தாண்டனர். அக்குறி முன்னர் ‘பவர் பெக்’ என்னும் வேறொரு செயலுக்கு உரியது. அச்செயலை 2003இலேயே கைவிட்டுவிட்டனர். ஆனால் அதன் நிரலை நீக்கவில்லை. புதிய நிரலை எட்டுக் கணிப்பொறிகளில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினர், எட்டாவது விடுபட்டுப் போயிற்று.

காலையில் சந்தை திறந்தது. ஏழு கணிப்பொறிகள் அக்குறியைப் புதிய பொருளில் படித்தன. எட்டாவது பழைய பொருளில் படித்தது. ஆணை நிறைவேறியதா என்று எண்ணிப் பார்க்கும் பகுதியை 2005இல் அந்தப் பழைய நிரலிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியிருந்தனர். ஆகவே போதும் என்று நிறுத்தத் தெரியாமல் அது ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 ஆணைகள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்களாகப் பெருகின. 154 நிறுவனங்களின் பங்குகள். 39 கோடியே 70 லட்சம் பங்குகளுக்கு மேல். இவ்வளவும் 45 நிமிடங்களில்! இடையில், தவறு புதிய நிரலில்தான் இருக்கும் என்று எண்ணி, சரியாக இயங்கிய ஏழு கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினர். அவையும் பழைய பொருளில் படிக்கத் தொடங்கின. சந்தை திறக்கும் முன்பே அந்தப் பழைய செயலின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் நிலையத்துக்குள் வந்திருந்தன; அவற்றின் பொருளை எவரும் உணரவில்லை. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் கெட்கோ என்னும் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனிப் பெயரை இழந்தது.

இது ஃபிக்ஸ் பதிப்புகளால் வந்த கேடன்று. ஒரு நிறுவனத்தின் உள் அமைப்பில் நேர்ந்தது. எனினும் பழைய படிவத்தை நீட்டிக்க விரும்புவோர் ஒவ்வொருவரும் இதை முதலில் படிக்க வேண்டும். புதிய எண்ணை அறியாத இயந்திரம் மறுத்துவிடும். மறுப்பதால் நமக்குச் செய்தி தெரிந்துவிடும். அறிந்த எண்ணைப் புதிய பொருளில் பெற்ற இயந்திரமோ மறுக்காது. ‘ஆகட்டும்’ என்று பழைய வேலையைச் செய்துவிடும்.

இதே காரணத்தால்தான், புதிய பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் கடன் வாங்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஓர் ஆணை நிறைவேறியதை அறிவிக்கும் செய்தியைப் பாருங்கள். 4.2இல் 150 என்னும் குறியெண்ணுக்கு எதிரே 1 என்றால் ஒரு பகுதி நிறைவேறியது, 2 என்றால் முழுதும் நிறைவேறியது என்று பொருள். முன்பு அறிவித்த வணிகத்தை நீக்குவதாயின் 20 என்னும் வேறொரு குறியெண் அதைச் சொல்லும். 4.3இல் இந்த 20ஐயே எடுத்துவிட்டனர். வணிகம், அதன் திருத்தம், அதன் நீக்கம் மூன்றையும் 150க்கு எதிரே வரும் தனித்தனி எழுத்துகளால் குறித்தனர். இது சொல் மாற்றமன்று. வாக்கியத்தின் அமைப்பே மாறிவிட்டது. இதில் பாதியைப் பழைய முறையிலும் பாதியைப் புதிய முறையிலும் வைத்துக்கொண்டால், நீக்கப்பட்ட வணிகத்தைப் புதிய வணிகமாக எண்ணிப் பங்குக் கணக்கில் சேர்த்துவிடும் நிலை வரும். ஒரு தரப்பில் இலாபம், மறு தரப்பில் இல்லாத பங்கு! இத்தகைய தேவை ஏற்படும் நிலையத்தார், எத்தனை வாடிக்கையாளர் முணுமுணுத்தாலும், பதிப்பையே மாற்றிவிடுவதுதான் நேர்மை. பெயர்ச்சொல் ஒன்று குறைகிறதா? கடன் வாங்குக. இலக்கணம் மாறிவிட்டதா? மொழியை மாற்றுக. நான் கண்ட வரையில், பொறியாளர்களுள் பழுத்த அனுபவமுடையோர் பலர் இந்த எல்லையிலேயே கோடு கிழிக்கின்றனர். இளைஞர்கள் எல்லாவற்றையும் மாற்ற விரும்புகின்றனர். கணக்கர்கள் எதையும் மாற்ற விரும்புவதில்லை.

ஃபிக்ஸ் அமைப்பினரும் இப்போது வேறு வழிக்கு வந்துவிட்டனர். 2009இல் 5.0இன் இரண்டாவது திருத்த வெளியீட்டுக்குப் பிறகு, 6 என்றோ 7 என்றோ எண்ணிட்ட பெரும் பதிப்பு எதுவும் வெளிவரவில்லை. வேண்டும்போது ஒரு விரிவுத் தொகுதியை மட்டும் வெளியிடுகின்றனர். அத்தொகுதிகளின் வரிசை எண் 200ஐக் கடந்துவிட்டது. அவற்றையெல்லாம் உள்ளடக்கிய மொழிக்கு ‘ஃபிக்ஸ் லேட்டஸ்ட்’ என்று பெயர். ஐரோப்பாவில் ஒரு தரகர் அனுப்பும் ஆணையைத் திறந்து பார்த்தால், தலைப்பில் 2000ஆம் ஆண்டின் 4.2 என்றிருக்கும். நடுவில் 2018ஆம் ஆண்டின் சட்டத்துக்காகப் பிறந்த 2376 இருக்கும். இறுதியில் உள்ள 10 என்னும் குறியெண் இரண்டையும் சேர்த்தே கூட்டி, 256ஆல் வகுத்து, மீதியை எழுதியிருக்கும்.